கழுத்தில் போட்ட துளை

நிமோனியா முற்றி, என் கணவருக்கு வாய் வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை. அவருடைய அண்ணன் நாவலூரிலிருந்து தினமும் காரில் வருவார். சாப்பிட்டாயா என்றுகூட என்னிடம் கேட்கமாட்டார். நேரே டாக்டரிடம் சண்டைக்குப் போவார்.

மூச்சுக் குழாயை நேரே செலுத்த ஏன் இன்னும் கழுத்தில் துளை போடவில்லை என்பதுதான் முதல் சண்டை. அண்ணனுடைய ஆபீஸில் யாருக்கோ சீக்கிரமே போட்டுப் பிழைத்துவிட்டாராம். துளை போடும்போது ஆக்சிஜன் சற்று நேரம் குறையும், இப்போது இருக்கும் நுரையீரல் அதைத் தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்றார் டாக்டர். வேலை தெரியாதவர்கள்தான் இழுத்தடிப்பார்கள் என்று அண்ணன் வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஒரு வாரத்துக்கும் மேல் போனபிறகு டாக்டரே எங்களைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் தேவை குறைந்துவிட்டது, ஆனால் சளியை இருமித் துப்பத் தெம்பில்லை. வாய்க் குழாயை இன்னும் விட்டுவைத்தால் தொண்டை புண்ணாகும். கழுத்தில் துளை போட்டால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளி எடுப்பதும் சுலபம். ரத்தம் கசியலாம், உத்தரவாதம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அண்ணன் அப்படியே மாறிப்போனார். "என் தம்பி கழுத்த யாரும் அறுக்க வேணாம். குழாய எடுங்க, தானா மூச்சு விடுவான்."

"நீங்கதானே அன்னிக்கு ஏன் போடலன்னு சண்ட போட்டீங்க?" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீதான் காரணம்னு ஊர் பூரா சொல்வேன்."

அறைந்துவிடுவேனோ என்று பயந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம், "போடுங்க சார்" என்றேன்.

போட்டார்கள். கணவர் கண் திறந்தார். மெஷினிலிருந்து மெல்ல மெல்லப் பிரித்தார்கள். பிறகு கழுத்திலிருந்த குழாயையும் எடுத்தார்கள், துளை மூடியது. துளை போட்ட நாளிலிருந்து அதுவரை ஒருமுறைகூட அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கோவிலம்பாக்கம் வீட்டுக்கு வந்த மறுநாள், கண்ணாடியில் தழும்பைப் பார்த்தபடி கணவர் கரகரத்த குரலில் கேட்டார்: "அண்ணன் வேணாம்னு சொல்லியும் ஏன் செஞ்ச?"

கஞ்சிக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பாடம் எடுக்கப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். அன்று என் முகத்தைப் பார்த்து வகுப்பில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். நான் கதவைத் திறப்பதில்லை. கணவர்தான் எழுந்து போகிறார். அந்த நாலடிக்கே அவருக்கு மூச்சு வாங்குகிறது. வாங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.