பாதிப் பெரணி

மயூர் விஹார் மெட்ரோ நிலையச் சுவரில் பெரணி தழைத்திருந்தது. ஆசையாக ஓர் இலையைத் திருப்பி அடியில் பழுப்புப் புள்ளிகளைத் தேடினேன். பிளாஸ்டிக். காவலாளி முறைத்தார். நல்லவேளை, ரயில் வந்துவிட்டது. இல்லாவிட்டால் இந்த வயதில் பிளாஸ்டிக் திருடன் என்று பெயரெடுத்திருப்பேன்.

அசல் பெரணிக்கு ஈரச்சாக்கு வாசனை உண்டு. எழுபதுகளின் கடைசியில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கொல்லையில் அந்த வாசனைதான். நாகர்கோவிலிலிருந்து வேரோடு மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி. வெயில் படாத சுவரோரம், கூலர் சொட்டுகிற இடத்தில், தான் டெல்லியில் இருப்பதே தெரியாமல் வளர்ந்தது. அக்கா நர்ஸ். டியூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பார். ஊர் வீட்டை அண்ணன்மார் விற்றுவிட்டார்கள். அவருக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்.

பெரணியைப் பிரித்து நட மழை விழ வேண்டும். சர்க்கார் மாற்றல் உத்தரவோ, பிள்ளைகளின் பரீட்சை முடிந்து, மே மாத லூ அனல்காற்றோடுதான் வரும். அக்காவின் கணவருக்கு ஜான்சி என்று வந்தது.

"மழை வரட்டுமே அக்கா," என்றாள் என் மனைவி.

"அதுவரைக்கும் குவார்ட்டர்ஸ்ல இருக்க விடுவானுவளா? வெட்டுங்க தம்பி. ஆளுக்குப் பாதி. ஒண்ணு பட்டாலும் ஒண்ணு நிக்கும்."

குர்பி என்கிற கைக்கொத்தால் தூரைக் கிளப்பி, ரொட்டிக் கத்தியால் நடுவே அறுத்தேன். எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மெதுவா தம்பி! விறகா வெட்டுதிய?"

ஒரு பாதி ஈரச்சாக்கில் ஜான்சி போயிற்று. மறுபாதியை எங்கள் ஜன்னலடியில் நட்டோம். மேற்குப் பார்த்த ஜன்னல். நிழலுக்கு என் கல்யாண வேட்டியைப் பந்தலாகக் கட்டினேன். "பூஜா ஹை க்யா, பையா?" என்று, வீட்டில் ஏதோ பூஜை என்று நினைத்து, எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் விசாரித்தார். செடி கருகியது, வேட்டி அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது.

"அக்காகிட்ட ஒண்ணு இருக்கே," என்று மனைவி தேற்றிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைநாளில், ஸ்டெல்லா அக்கா வந்து நின்றார். கையில் ஈரச்சாக்கு.

"கொண்டு வந்துட்டீங்களா!" மனைவி ஓடிப்போய் வாங்கிப் பிரித்தாள். காலி.

"உங்க பாதியில கொஞ்சம் கொண்டுபோகல்லா வந்தேன், மக்களே."

மூன்று பேரும் சிரித்தோம். வேறென்ன செய்ய? அக்கா பழைய கொல்லையை எட்டிப் பார்த்தார். புதிதாகக் குடிவந்தவர் சிமெண்ட் பூசியிருந்தார். சாக்கை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். காப்பி ஆறிப்போனது.

பெரணி பிரித்து நட அப்படியொரு நல்ல மழை அப்புறம் பெய்யவில்லை. அக்காவும் வரவில்லை. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அந்தச் சுவர் இருந்த இடத்தில் இப்போது நாள் முழுக்க வெயில்.