சிவப்பு மை வராத இரண்டு வருஷம்

காளீஸ்வரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வரைந்தனுப்பும் படங்கள் அமெரிக்காவிலிருந்து ரத்தக்களறியாகத் திரும்பி வரும். டெக்சாஸ் பக்கம் கட்டப்போகும் வீடுகளுக்கு அஸ்திவாரப் படம் போடுகிற வேலை. கோவில்பட்டியில் தீப்பெட்டி அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் ஒன்பது கம்ப்யூட்டர்கள். பகலெல்லாம் வரைந்து சாயங்காலம் அனுப்பினால், அங்கே ஒரு எஞ்சினீயர் சிவப்பு மையில் திருத்தி, மறுநாள் காலைக்குள் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வீடு ஆழத்தை மாற்றி எழுதுவார். காரணம் எழுதமாட்டார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு, பக்கத்து மேசை சுதாராணி வைத்த பெயர் மொளகாப்பொடி.

"ஏட்டி காளி, மொளகாப்பொடி இன்னைக்கும் ஒனக்குத்தான் தூவியிருக்காரு."

2003 பொங்கல் கழிந்து சிவப்பு குறைந்தது. பிறகு அறவே நின்றுபோனது. இரண்டு வருஷமாக ஒற்றைத் தப்பு இல்லை என்று முதலாளி பாண்டியராஜன் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். காளீஸ்வரிக்கு மட்டும் தனியாக ஒரு கைக்கடிகாரம். சொந்த ஊரான இடைசெவலில் அவள் அப்பா தங்கச்சாமி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண் பரிசோதனை அறிக்கை இவர்களுக்கு வருவதில்லை. அதைப் பார்த்து ஆழம் சொல்வது அங்கே உள்ளவர்கள் பாடு. 2005 மே மாதத்தில் ஒருநாள், யாரோ கைதவறி அதையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். காளீஸ்வரி திறந்து பார்த்தாள். முதல் பக்கத்தில் ஒரு போட்டோ. கறுத்த தரை, கை நுழைகிற அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

நம்ம புஞ்சையை யார் படம் பிடித்தது என்றுதான் முதலில் நினைத்தாள்.

கரிசல். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அவள் ஏழாவது படிக்கையில் அவர்கள் வீட்டுச் சுவர் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து, பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் அடுப்பு ஊதுவது அந்த வழியாகத் தெரிந்தது. அப்பா அதை இடித்துவிட்டு, அடியில் வெள்ளைச் சுக்கான் பாறை தட்டும்வரை ஏழடி தோண்டி, மணல் கொட்டித்தான் மறுபடி எழுப்பினார். திரையில் அவள் போட்டு வைத்திருந்த ஆழம் இரண்டடி. வேறு ஏதோ மண்ணுக்கு வந்த மாதிரிப் படத்திலிருந்து எல்லோரும் எடுத்து எடுத்து ஒட்டிய இரண்டடி.

பாண்டியராஜன் அறைக்குப் போனாள்.

"சார், இது கரிசலு. ரெண்டடி நிக்காது."

"நீ ஏம்மா கவலப்படுத? அங்கன பாக்க ஆளு இருக்கு. தப்புன்னா செவப்பு போட்டிருப்பாவல்லா?"

"அதான் சார். ஏன் போடல?"

சாயங்காலம் ஏழரைக்கு, அங்கே ஆபீஸ் திறந்ததும், அவர் டெக்சாஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண்குரல் இங்கிலீஷில் சாவகாசமாகச் சொன்னது: அந்த எஞ்சினீயரா, அவரை வேலையை விட்டு அனுப்பி இரண்டு வருஷமாகிறதே. சரிபார்ப்பதும் உங்கள் வேலைதான் என்றல்லவா நினைத்திருந்தோம். நீங்கள் அனுப்புவதை முத்திரை குத்தி அப்படியே கொடுத்துவிடுகிறோம். ரொம்ப நன்றாகச் செய்கிறீர்கள்.

பாண்டியராஜன் போனை வைத்தார். காளீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. தப்பு வராமல் இருந்ததில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

"எத்தன வீடும்மா?"

"இந்தக் கரிசல் உள்ள ஊருக்கு மட்டும் அறுபத்திமூணு சார். நான் போட்டது முப்பத்தொண்ணு."

"எழுதி அனுப்புனா நாளைக்கே வேலைய நிறுத்திருவாவ. ஒம்பது பேரும் தெருவுல நிப்பம்."

"உள்ள ஆளு குடியிருக்காவ சார்."

அவர் தடுக்கவில்லை.

காளீஸ்வரி பழைய படங்களை ஒவ்வொன்றாக அச்செடுத்தாள். மேசை டிராயரில் காய்ந்துகிடந்த சிவப்புப் பேனாவை உதறி, தாள் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். எழுதியது. முதல் வீட்டின் ஆழத்தைச் சுழித்துவிட்டுப் பக்கத்தில் 'போதாது' என்று எழுதினாள்.

சுதாராணி எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, ஒம்படத்துல நீயே தூவுத?"

"ஒன்னோடதையும் எடு," என்றாள் காளீஸ்வரி.