பூட்டக்கா திருப்பிக் கூப்பிடுவார்

மேசைத் தொலைபேசி அடித்ததும் எடுப்பார். எதிர்முனையில் இருப்பவர் தன் பெயர், நிறுவனம், தலைபோகிற அவசரம் எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பார். "சரிங்க, வெச்சிடுங்க. நானே கூப்பிடறேன்" என்பார். அவர்கள் வைக்காவிட்டால் இவர் வைத்துவிடுவார். பிறகு கணினியில் முன்பே பதிந்திருக்கும் எண்ணைத் தேடி எடுத்து அதற்கு அடிப்பார். கூப்பிட்டவர் வாயால் சொன்ன எண்ணுக்கு அவர் ஒருநாளும் அடித்ததில்லை.

இணையத்தில் கடை போடுகிறவருக்கும் பள்ளி நடத்துகிறவருக்கும் ஆளுக்கொரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைப் பதிந்து கொடுத்து, வேறொருவர் தட்டிப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. பெயர் கைமாறினால் கதை முடிந்தது. உங்கள் கடையைத் தேடி வருகிறவர் திருடனின் கடையில் போய் நிற்பார். உங்களுக்கு வரும் மின்னஞ்சலெல்லாம் அவன் மடியில் விழும். அதனால் முக்கியமான பெயர்களுக்குத் தனியாக ஒரு பூட்டு உண்டு. அது இருக்கும்வரை பெயரை மாற்றவும் முடியாது, முடக்கவும் முடியாது. கணினி அதைத் தானாகத் திறக்காது. இவர் திருப்பிக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, மனசு ஒப்பினால்தான் திறக்கும். பூட்டக்கா என்று பெயர் வைத்தவர்கள் அலுவலகத்துப் பிள்ளைகள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை, தேநீர்க் கோப்பையில் அந்தப் பெயரையே எழுதி ஒட்டிக்கொண்டார்.

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "யாராவது பக்கத்துல உக்காந்து உங்கள இப்படிச் சொல்லச் சொல்றாங்களா?" சிலர் சிரிப்பார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். ஆமாம் என்றால் பூட்டு அப்படியே இருக்கும். ஒரு வியாபாரியைப் பங்காளிகள் சுற்றி வளைத்து உட்காரவைத்து அவர் கடைப்பெயரைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, முதலாளியே யோசித்து வகுத்த விதி அது.

வீட்டிலும் இதே கூத்துதான். மாமியார் கூப்பிட்டால்கூட வைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிடுவார். "என் குரல் கூடவா உனக்குத் தெரியல?" என்று அந்தம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுண்டு. கணவர் கெட்டிக்காரர். ஒரே ஒரு மணி அடிக்கவிட்டுத் தானே வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

போன வாரம் அந்தப் பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் சின்ன இணையப் பத்திரிகை, அதன் பெயருக்கும் அந்தப் பூட்டு உண்டு. ஏரிக்குள் லாரி லாரியாகக் குப்பை கொட்டப்படுவதைப் படத்தோடு போட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஓர் அரசு அதிகாரி பூட்டக்காவைக் கூப்பிட்டார். மேலிடத்து உத்தரவு, சாயங்காலத்துக்குள் அந்தப் பெயரை முடக்கிவிட வேண்டும் என்றார். முடக்கினால் பத்திரிகை இருந்த இடம் தெரியாது. அந்தத் தம்பதிக்குப் பிழைப்பே அதுதான்.

பூட்டக்கா வழக்கம்போல வைத்தார். அந்த அதிகாரியின் அலுவலகப் பொது எண்ணைத் தேடி அடித்து, அவரைக் கேட்டார். போலி ஆளாக இருந்துவிட்டால் நல்லது என்று உள்ளூர ஆசைதான். ஆனால் அதே குரல்தான் வந்தது. இப்போது நம்பிக்கை வந்ததா என்று நக்கலாகக் கேட்டது.

"நீங்க நீங்கதான்னு நம்பறேன் சார். அது ஒரு வேலை முடிஞ்சுது. கோர்ட் ஆர்டர் அனுப்புங்க, உடனே முடக்கிடறோம்."

அனுப்ப ஆர்டர் இல்லை. அதிகாரியே நேரில் வந்துவிட்டார். பூட்டக்காவை ஏறெடுத்தும் பாராமல் முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் உரிமம், வரி, கட்டட அனுமதி என்று அவரை உலுக்க ஆயிரம் வழி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நெற்றியைத் தேய்ப்பதைப் பார்த்தபோது பூட்டக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார்.

மேசைத் தொலைபேசி அடித்தது. முதலாளி.

"அந்தப் பத்திரிகை பேரு... பூட்டத் திறந்து முடக்கிடும்மா."

"சரிங்க சார், வெச்சிடுங்க. நானே கூப்பிடறேன்."

"நான் இங்கதானேம்மா இருக்கேன், பாத்துட்டுதானே இருக்க!"

பார்த்துக்கொண்டேதான் வைத்தார். பிள்ளைகள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். பூட்டக்கா கணினியில் முதலாளியின் எண்ணைத் தேடி எடுத்து அடித்தார். கண்ணாடிக்குள் மணியடித்தது. அதிகாரி எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். முதலாளி சற்று நேரம் அடிக்கவிட்டே எடுத்தார்.

பூட்டக்கா எல்லோரிடமும் கேட்பதை வரிசையாகக் கேட்டார். எந்தப் பெயர், என்ன செய்ய வேண்டும், என்ன காரணம். முதலாளி அடங்கிய குரலில் பதில் சொன்னார். காரணம் கேட்டதும் மறுபடி நெற்றியைத் தேய்த்தார். கடைசிக் கேள்வி வந்தது.

"யாராவது பக்கத்துல உக்காந்து உங்கள இப்படிச் சொல்லச் சொல்றாங்களா சார்?"

முதலாளி கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்தவரைப் பார்த்தார். நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"ஆமாம்மா" என்றார், அதிகாரிக்கும் நன்றாகக் கேட்கும்படி. "உக்காந்திருக்கார்."

"அப்ப பூட்டு அப்படியே இருக்கும் சார்" என்று பூட்டக்கா வைத்தார். நாற்காலி தள்ளப்படும் சத்தமும், கண்ணாடிக் கதவு படாரென்று சாத்தப்படும் சத்தமும் கேட்டன. அவர் தலையைத் தூக்கவில்லை. கைப்பேசி ஒரே ஒரு மணி அடித்து ஓய்ந்தது. கணவரின் எண்ணைத் தேடி எடுத்து அடித்தார்.