கஸ்டி ஏற்றிய கொடி

உங்கள் வீட்டு வாசலில் ஏறும் கொடியின் சாயம் நிற்குமா என்று எப்போதாவது தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறீர்களா? இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்து ஆற்றோரச் சந்தில் துர்மினாவின் கணவன் கஸ்டி முக்கினான். அதனாலேயே செத்தான்.

அங்கே சுதந்திர மாதமான ஆகஸ்ட் பிறந்தால் வீட்டுக்கு வீடு மூங்கில் நட்டு, மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமான கொடியைக் கட்டுவார்கள். ஏற்றாமல் இருந்தால் குற்றம். சந்துத் தலைவர் சுனார்டி வருடந்தோறும் புதுக் கொடிகளை விலைக்கு எல்லார் தலையிலும் கட்டுவார். வாங்கியதை அப்படியே ஏற்றுவார்கள். பள்ளிக்கூடக் காவலாளியான கஸ்டி மட்டும், கடைத்தூசியோடு ஏற்றக் கூடாது என்று ஓர் ஆண்டு அலசினான். சிவப்பு இறங்கி வெள்ளையெல்லாம் ரோஜா நிறமானது. வேறு கொடி இல்லை. அதையே ஏற்றினான்.

"தேசத் துரோகி!" என்று சுனார்டி ஊரைக் கூட்டினார். கொடியைப் பிடுங்கிக் கஸ்டியின் முகத்தில் எறிந்தார்.

"சாயம் போயிடுச்சு தலைவரே, நான் என்ன பண்ணுவேன்?"

யாரும் கேட்கவில்லை. வேலை போனது. துரோகி என்ற பெயரோடு மனமொடிந்து படுத்தான்; அந்த மழைக்காலத்திலேயே அவன் உயிரும் போனது. சாயத்துக்கு ஏது தேசபக்தி? ஒரு வாளித் தண்ணீருக்காக ஒரு மனிதனைக் கொன்றார்கள்.

துர்மினா அந்தக் கொடியை அரிசிப் பானைக்குள் வைத்தாள். அரிசி அள்ளும்போதெல்லாம் கண்ணில் படட்டும்! கஸ்டி குற்றமற்றவன் என்று சுனார்டியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

இந்த ஆண்டு, சிறந்த சந்துக்குப் பரிசு கொடுக்கப் பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. துர்மினா வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"அதிகாரி வர்றாரு. தூசியோடயா ஏத்துவீங்க? அலசிப் போடுங்கடி."

"புதுசுதானேக்கா?"

"புதுச் சட்டைய அலசாமலா புள்ளைக்குப் போடுறே?"

அன்று வேடிக்கை பார்த்தவர்கள்தானே, அவர்கள் கையும் சிவக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்தபோது சந்து முழுக்க ரோஜா நிறம்.

"என்னய்யா இது, கல்யாண வீடா?" என்றார் அதிகாரி.

சுனார்டி கைகூப்பிக்கொண்டு முன்னே வந்தார். "சாயம் போயிடுச்சுங்க ஐயா. ஜனங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

துர்மினா அரிசிப் பானையிலிருந்த கொடியோடு எதிரில் வந்து நின்றாள். "இதையேதான் எம் புருஷனும் சொன்னாரு. அப்போ துரோகம், இப்போ பாவமா? இவங்களையும் துரோகின்னு போலீஸ்ல புடிச்சுக் குடுங்க. வித்தவரையும் சேத்து!"

"வித்தது யாரு?" என்றார் அதிகாரி. எல்லா விரல்களும் சுனார்டி பக்கம் நீண்டன.

"கஸ்டி மேல தப்பில்ல..." என்று அவர் முனகினார்.

"காது கேக்கல. அன்னிக்குக் கத்துனீங்களே, அந்தக் குரல்ல சொல்லுங்க."

கத்தினார். பிறகு, "மன்னிச்சிரும்மா" என்றார்.

"மன்னிப்பெல்லாம் இங்க கிடையாது. ஏத்துங்க."

பழைய கொடியை அவர் கையிலேயே திணித்தாள். கஸ்டி நட்ட மூங்கிலில், எல்லாரும் பார்க்க, சுனார்டி அதைக் கட்டினார். முடிச்சு இரண்டு முறை நழுவியது. துர்மினா உதவவில்லை.

இந்த ஆண்டு உங்கள் கொடியையும் முதலில் தண்ணீரில் முக்குங்கள். சாயம் இறங்கினால், விற்றவன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டுங்கள்.