பத்து எண்ணும் வரை

“நாலு… அஞ்சு… ஆறு…”

ஸ்கேல் அக்கா எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் பதில் வராது. ஒருமுறை பெரிய டாக்டரே கதவைத் திறந்து, “ஸ்டோர் சாவி எங்கம்மா?” என்று கேட்டார். அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்து, “ஏழு… எட்டு…” என்றார். டாக்டர் பாவம், பத்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குழந்தைக்காக ஏங்குகிறவர்கள் வந்துபோகும் அந்த மருத்துவமனையில் கடைசி அறை அக்காவுடையது. இடுப்பு உயரத்தில் நான்கு உலோகத் தொட்டிகள். உள்ளே திரவ நைட்ரஜன். அதில் மூழ்கி, உறைந்து கிடக்கின்றன யார் யாருடைய கருக்களோ. மெல்லிய குழல்களில் அடைத்து, நீளக் கம்பியில் தொங்கும் குவளைகளுக்குள் நிறுத்தியிருப்பார்கள். நைட்ரஜன் இருக்கும்வரை அவற்றுக்கு வயதே ஏறாது. ஆனால் அது இருந்தால்தானே? சாதாரண அறைச் சூடே அதைக் கொதிக்க வைக்கப் போதும். எவ்வளவு நல்ல தொட்டியானாலும் நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். இடையில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அக்காவின் உத்தியோகம்.

பார்க்கும் முறை ரொம்ப எளிது. மர ஸ்கேலைத் தொட்டியின் அடிவரை விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்துக் காற்றில் நாலு வீசு வீச வேண்டும். திரவம் தொட்ட உயரம்வரை வெள்ளையாகப் பனி பிடிக்கும். பத்துக்கு மேல் விட்டுவைத்தால் போச்சு. மேலே நிற்கும் குளிர் ஆவியும் மரத்தை உறைய வைத்துக் கோட்டை ஏற்றிக் காட்டிவிடும். இல்லாததை இருப்பதாக நம்ப வைக்கும்.

அக்கா ஒருமுறை நம்பினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஸ்கேல் உள்ளே இருக்கும்போது தங்கை போன் செய்தாள். வீடு மாற்றுகிற கதை. பேச்சு சுவாரசியத்தில் பத்து போய் அறுபதானது. கோடு காட்டிய எண்ணை அப்படியே நோட்டில் எழுதினார். அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் அளப்பார்கள். அந்தத் தடவை லாரி வரவும் நாளானது. வந்தபோது தொட்டி வறண்டு கிடந்தது. ஐந்து தம்பதிகளிடம் “மெஷின் கோளாறு” என்று சொல்லி அனுப்பினார்கள். அதில் ஒரு பெண் அழக்கூட இல்லை, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “உன் பேர் வெளிய வரலல்ல? விட்டுத் தள்ளு” என்றார் கணவர். விட முடியவில்லை. அன்றிலிருந்துதான் வாய்விட்டு எண்ணுகிறார்.

வீட்டிலும் இதே பாடுதான். தண்ணீர்க் குடம், பால் பாத்திரம், கணவரின் சென்ட் பாட்டில் எல்லாவற்றுக்கும் மூடி. பீரோவைத் திறந்தால் துணி எடுப்பதற்கு முன் பாச்சை உருண்டைகளை எண்ணிப் பார்ப்பார். “போன மாசம் கோலிக்குண்டு மாதிரி இருந்துச்சு, இப்ப மிளகு மாதிரி ஆயிடுச்சு. தண்ணியாக்கூட ஆகல, நேரா காத்தாயிடுச்சு. யாராவது பார்த்தீங்களா?” என்று வீட்டையே விசாரணைக் கூண்டில் ஏற்றுவார். கொடியில் துணி காய்ந்திருந்தால் ஊருக்கெல்லாம் அது காய்ந்த துணி, அக்காவுக்கு அது காணாமல் போன தண்ணீர். “காத்துக்கு வயிறே கிடையாது. வச்சதெல்லாம் திங்கும்” என்பார்.

“இந்த வீட்டுல மூடி போடாதது என் வாய் ஒண்ணுதான்” என்று கணவர் அலுத்துக்கொள்வார்.

“அந்த சைஸுக்கு மூடி கிடைக்கல” என்பார் அக்கா.

அன்று காலை ஒன்பதரை மணி. மூன்றாம் தொட்டி. முந்தின நாள் முப்பதில் நின்ற கோடு இருபத்து நாலில் நின்றது. ஒரே நாளில் ஆறு சென்டிமீட்டர். ஸ்கேலைத் துடைத்து, காயவைத்து, இன்னொரு முறை விட்டார். அதே இருபத்து நாலு. தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். நல்ல தொட்டியை வெளியே தொட்டால் குளிரே தெரியாது. இது ஈரமாக இருந்தது. கழுத்தைச் சுற்றி முத்து முத்தாய் வேர்த்திருந்தது.

கருக்களைக் கையாளும் உரிமை லேப் மேடத்துக்கு மட்டும்தான். வயதில் சின்னவள், படிப்பில் பெரியவள். அக்கா கூப்பிட்டதும் வந்து சுவரில் இருந்த எச்சரிக்கை விளக்கைப் பார்த்தாள்.

“பச்சையாத்தானே எரியுது அக்கா?”

“அது பதினஞ்சுக்குக் கீழ போனாத்தான் சிவப்பாகும் மேடம். அப்புறம் ஓடி என்ன பண்றது? தொட்டி வேர்க்குது, தொட்டுப் பாருங்க. உள்சுவரு எங்கயோ விட்டுடுச்சு.”

“நேத்து நீங்க… ஸ்கேலைக் கொஞ்சம் அதிக நேரம் விட்டிருப்பீங்களோ?”

சுருக்கென்றது. கேட்டவள்மேல் தப்பில்லை, பழைய கதை மருத்துவமனை முழுக்கத் தெரியும். அக்காவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. நேற்று பத்துதானே எண்ணினோம்? எண்ணினோமா?

“அரை மணி கழிச்சு இன்னொரு தடவை பார்க்கலாம். அப்ப நேத்து கணக்கு தேவையில்ல” என்றார்.

அந்த அரை மணி நேரத்தில் லாரிக்காரரைப் போனில் பிடித்தார்கள். பாலத்தில் நெரிசல், சாயங்காலம் ஆகும் என்றார். பெரிய டாக்டர் அறுவை சிகிச்சையில் இருந்தார், ஒரு மணிக்கு முன் வெளியே வரமாட்டார். அவசரத்துக்கு வைத்திருந்த சின்னக் கலத்தில் நைட்ரஜன் கொஞ்சம்தான் மிச்சம். ஊற்றினால் கொதித்தே போய்விடும்.

நடைவழி நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்று வயது. மூன்று முறை கருவை வைத்தும் தங்கவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, மூன்றாம் தொட்டியின் நாலாம் குவளையில். நாளைக்கு அதை வைக்கப் போகிறார்கள். வரும்போதெல்லாம் வாசலில் நின்று, “எப்படிக்கா இருக்கு?” என்பாள். “தூங்குது” என்பார் அக்கா. அன்று அவள் கேட்டபோது அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். பொய் சொல்ல வரவில்லை.

பத்து மணிக்குக் கோடு இருபத்திரண்டு.

“அரை மணிக்கு ரெண்டு” என்றாள் மேடம். “பன்னண்டுக்குக் கீழ போனா குவளை வெளிய தெரிய ஆரம்பிச்சிடும்.”

“பன்னண்டரைக்கே அங்க வந்துடும் மேடம். டாக்டர் வர்றது ஒரு மணிக்கு.”

“அவர் கையெழுத்து இல்லாம வேற தொட்டிக்கு மாத்தினா… ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும்.”

“சும்மா இருந்தா யார் தலையும் உருளாது, மெஷின் கோளாறுன்னு எழுதிடலாம். ஒரு தடவை எழுதினாங்க. நான் பக்கத்துலயே இருந்தேன்.” அக்கா நோட்டை நீட்டினார். “நான்தான் சொன்னேன்னு எழுதிக்குங்க. இந்தாங்க, என் நோட்டுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

மேடம் நோட்டைப் பார்த்தாள். பிறகு கையுறையை மாட்டினாள்.

இரண்டாம் தொட்டியில் இடம் இருந்தது. மூன்றாம் தொட்டியிலிருந்து மாற்ற வேண்டியவை ஆறு குவளைகள். ஒரு குவளை காற்றில் எட்டு எண்ணிக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. மேடம் தூக்க, அக்கா எண்ண வேண்டும். முதல் மூன்றும் நாலு, நாலு, அஞ்சு என்று போய்ச் சேர்ந்தன. தரையில் வெண்புகை தவழ்ந்து இருவரின் காலையும் மறைத்தது.

நாலாவதின் கம்பி, இரண்டாம் தொட்டியின் வாயில் மாட்டிக்கொண்டது.

“மூணு…”

மேடம் ஆட்டிப் பார்த்தாள். இறங்கவில்லை.

“நாலு… அஞ்சு…”

“அக்கா, இறங்கமாட்டேங்குது!”

கொஞ்சம் இழுத்து எண்ணினால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றாமல் இல்லை. எண்ணுகிறவர் இழுப்பதால் காற்று காத்திருக்குமா? “ஆறு” என்று அதே தாளத்தில் சொன்னபடி கையை நீட்டி, கம்பியின் கொக்கியை அரைத் திருப்பு திருப்பினார். உறை போடாத கை. “ஏழு” என்னும்போது குவளை சளக்கென்று இறங்கியது. திரவம் குமுறி அடங்கியது.

“நீங்க… மெதுவா எண்ணலையே?” என்றாள் மேடம், மூச்சு வாங்க.

“சத்தியமா ஏழுதான். அடுத்ததை எடுங்க.”

அஞ்சும் ஆறும் சிரமம் தராமல் போயின. மேடம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அக்காவின் வலதுகை விரல் நுனி இரண்டும் வெளுத்திருந்தன. அதைக் கவனிக்காமல், இரண்டாம் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஸ்கேலை உள்ளே விட்டார்.

“ஒண்ணு… ரெண்டு…”

கதவு திறந்தது. புகையையும் ஓட்டத்தையும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அதற்குமேல் உட்கார முடியாமல் எழுந்து வந்திருந்தாள் நாற்காலிக்காரி.

“அக்கா… என்னுது?”

“மூணு… நாலு…”

கண் ஸ்கேலை விட்டு அகலவில்லை. ஆனால் அக்காவின் இடதுகை மட்டும் பின்னால் நீண்டு, துழாவி, அந்தப் பெண்ணின் மணிக்கட்டைக் கண்டுபிடித்துத் தன் பக்கம் இழுத்து, இரண்டாம் தொட்டியின் ஈரமில்லாத வயிற்றின்மேல் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டது.

“அஞ்சு… ஆறு…”