தூங்குமூஞ்சி மரத்து அம்மன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். எனக்குத் தெரிந்தது கயிறு பிடிப்பது. நல்ல மணிலாக் கயிற்றைக் கையில் கொடுத்தால் அதன் மறு முனையில் எவ்வளவு பாரம் தொங்குகிறது, அது அசைகிறதா, சும்மா இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போதும் சொல்வேன். யார் கேட்கிறார்கள்?

என் வீட்டுக்காரர் முதலில் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தார். தங்கம் எடுக்கிற வேலை இல்லை. பூமிக்கு அடியில் பாறை சரியாமல் இருக்கப் பெரிய பெரிய கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. நெஞ்சில் தூசி படிந்திருக்கிறது, இனிமேல் உள்ளே இறங்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இடிந்து போய் உட்கார்ந்திருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து, “இத்தினி வருசம் செத்த மரத்தோட இருந்தாச்சு. இனிமே உசுரோட கீற மரத்தப் பாக்கலாம் வா” என்றார். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பெங்களூருக்கு வந்து லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தோம். அந்த அறையின் ஓட்டுக்கு மேலேயே ஒரு முருங்கை மரம் இருந்தது. வேளாவேளைக்குக் காய் கொடுத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது, விடுங்கள்.

முதலில் ஒரு மரக் கான்ட்ராக்டரிடம் சேர்ந்தார். பங்களாக்களில் கிளை வெட்டப் போவார்கள். கூலிக்குப் பதில் வெட்டிய விறகைக் கான்ட்ராக்டரே எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் அவர், கிளையை வெட்டச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி மரத்தையே சாய்த்துவிடுவார். இவருக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் சண்டை போட்டுவிட்டுத் தனியாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று வந்துவிட்டார். கூட்டுக்கு ஆள் வேண்டுமே? நான்தான்.

கான்ட்ராக்டர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு ஊரே கேட்கிற மாதிரிச் சொன்னார்: “பொண்டாட்டி கையில கயித்தக் குடுத்துட்டு மரம் ஏறப் போறியா? அவ அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடிட்டா நீ அங்கியே வவ்வாலாட்டம் தொங்கிகினு கெடக்க வேண்டியதுதான்!”

“எங்க வீட்ல பாலே இல்லண்ணா. நீங்க கவலப்படாதீங்க” என்றேன். உண்மையும் அதுதான்.

பல நாள் வேலையே வரவில்லை. இவர் மறுபடி தங்கவயலுக்கே போய்விடலாமா என்று பேச ஆரம்பித்தார். பேச்சுக்கு நடுவே இருமுவார். அப்போதுதான் பக்கத்தில், பங்களாக்கள் இருக்கிற குக் டவுனில் ஒரு வேலை வந்தது.

ரயில்வே டிரைவராக இருந்து இறந்துபோன ஓர் ஆங்கிலோ இந்தியரின் பெண்சாதி அந்த வீட்டுக்காரி. உயரமான அம்மாள். கவுன் போட்டுக்கொண்டு, கையில் எப்போதும் ஒரு விசிறி. காம்பவுண்டு சுவருக்கு வெளியே, சந்துப் பக்கம், பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் ஒரு கிளை சுவரைத் தாண்டி அவர் வீட்டு ஓட்டுக்கு மேலே நீண்டிருந்தது. முன் வாரக் காற்றில் அது அடியில் விரிசல் விட்டிருந்தது. இன்னொரு மழை அடித்தால் நேராக ஓட்டின் மேல்தான்.

“மரம் போகக் கூடாது மேன். அதான் எனக்கு ஷேட். ஒரு டைலும் உடையக் கூடாது” என்றார் அந்த அம்மாள். “நாளைக்கு லஞ்சுக்குள்ள முடிச்சிடணும். முடியலன்னா அந்தக் கான்ட்ராக்டர் வருவான். வானத்தைப் பாரு, மழ வரப் போகுது.”

சாயங்காலம் கருவிகளைக் கொண்டுபோய் வைத்தோம். அங்கேதான் இவர் அந்தக் காரியத்தைச் செய்தார். சுரங்கத்தில் கற்பூரம் காட்டாமல் யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். அதே பழக்கத்தில் மரத்தின் அடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துக் கற்பூரம் ஏற்றினார். “காலைல வந்து கை வெக்கப் போறோம், கோச்சிக்காத” என்று மரத்திடம் சொன்னார். நானும் என் பங்குக்கு ஒரு கொத்து வேப்பிலை செருகினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காலையில் போனால் சந்து நிறையப் பெண்கள்! குடத்தில் தண்ணீர், தட்டில் பூ, ஒருத்தி பொங்கலே வைத்துவிட்டாள். மரத்தின் அடியில் புதிதாக ஒரு கல் நட்டு, அதற்கு மஞ்சள் துணி சுற்றி, முன்னால் அகல் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பங்களாக்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மாள் ஒருத்தி எல்லாருக்கும் முன்னால் நின்றாள். கன்னடக்காரி, ஆனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவாள். விடியற்காலையில் பால் ஊற்ற வந்தபோது முதலில் பார்த்தது அவள்தானாம்.

“ராத்திரி ஒண்ணும் இல்ல, காலைல நோடு, பாரு, அம்மா வந்து உக்காந்துட்டா!” என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொருத்தி, “தூங்குமூஞ்சி மரத்துல போயி எந்த சாமிக்கா வரும்?” என்று கேட்டாள்.

“முழிச்சிகினு கீற சாமிதான் வரும். கும்பிடுடி.”

இவர் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனதும் பால்காரம்மா குறுக்கே வந்து நின்றாள். “பேடா பேடா, வேணாம்! அம்மன் மேல ரம்பம் வெப்பியா?”

“யம்மா, அது அம்மன் இல்ல. நேத்து சாயங்காலம் நான் வெச்ச குங்குமம்மா அது!” என்றார் இவர்.

பால்காரம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “கேளுங்கடி! அம்மன் இவரு கையாலயே வெச்சிக்கினு கீறா!”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி இவர் காலிலேயே விழப் போனாள். உண்மையைச் சொன்னால் இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரி ஸ்டூல் மேல் ஏறி நின்று, “என்ன மேன் நடக்குது? டெம்பிளா கட்டறாங்க?” என்று கத்தினார். போதாததற்குக் கான்ட்ராக்டரும் சைக்கிளில் வந்து இறங்கி, பீடி பற்ற வைத்துக்கொண்டு நிதானமாக வேடிக்கை பார்த்தார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

இவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். “போலாம் வா” என்றார். அந்தக் குரலில் தங்கவயல் ரயில் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நன்றாக வேலை செய்யும். பால்காரம்மாவின் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். “அக்கா, மேல பாருங்க. நல்லாப் பாருங்க. அந்தக் கிளையோட அடி எப்பிடிப் பொளந்துகினு கீது பாத்தீங்களா?”

“ஆமா.”

“அம்மன் கை ஒடிஞ்சி தொங்குது. உங்க வீட்ல பொண்ணுக்குக் கை ஒடிஞ்சா மஞ்சள் பூசிப் பூ வெச்சிட்டு உக்காந்திருப்பீங்களா? வைத்தியருகிட்ட இட்டுகினு போ மாட்டீங்க?”

அவள் கிளையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், இவரையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள். “இவரா வைத்தியரு?”

“இவருதான். அதுக்குத்தான் நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாரு.”

பெண்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் பால்காரம்மா வந்து தீர்ப்புச் சொன்னாள். “செய்யுங்க. ஆனா வெளக்கு அணையக் கூடாது. அணைஞ்சா அம்மாவுக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம். அப்பிடியே எறங்கி வந்துடணும்.”

“வெளக்கக் கொஞ்சம் நவத்தி வெச்சிக்கலாமே?” என்றார் இவர்.

“ஏத்தின வெளக்க நவுத்துவாங்களா?”

கான்ட்ராக்டர் சிரித்த சிரிப்பில் பீடியே விழுந்துவிட்டது. “அந்தப் பக்கம் ஓடு ஒடையக் கூடாது, இந்தப் பக்கம் வெளக்கு அணையக் கூடாது. நல்லா செய்யிங்க! நான் சாப்டுட்டு வர்றேன்” என்றார். ஆனால் போகவில்லை.

சாதாரணமாக நாங்கள் கிளையைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் இறக்குவோம். பாரம் குறைவு, நான் ஒருத்தியே பிடித்துவிடுவேன். இங்கே அப்படிச் செய்தால் ஏதாவது ஒரு துண்டு விளக்கின் மேல் விழுந்துவிடும். அதனால் முழுக் கிளையையும் அப்படியே, தொட்டிலில் இருக்கிற குழந்தையை இறக்குவது போல இறக்க வேண்டும். கயிற்றை மேலே இரண்டு கிளை பிரிகிற ஒரு கவைக்குள் விட்டுக் கிளையில் கட்டினார். கீழ் முனையைப் பக்கத்துச் சவுக்கு மரத்தில் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். மரத்தில் சுற்றினால் பாரத்தில் பாதியை மரமே வாங்கிக்கொள்ளும். அப்படியும் இது எனக்கு அதிகம் என்று கயிறு இறுகும்போதே தெரிந்துவிட்டது.

“அக்கா, வாங்க. தேர் வடம் பிடிச்சிருக்கீங்க இல்ல? அது மாதிரிதான். இழுக்க வேணாம், விட்டுக் குடுத்தா போதும்” என்று பெண்களைக் கூப்பிட்டேன்.

வந்தார்கள். என் பின்னால் வரிசையாக நின்று, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பிடித்தார்கள். கிளையின் நுனியில் இன்னொரு கயிறு கட்டி, அதை ஓட்டுப் பக்கத்திலிருந்து சந்துப் பக்கம் திருப்பும் வேலையைப் பால்காரம்மாவிடம் கொடுத்தோம். எருமையை இழுத்துப் பழகிய கை அது.

அந்த இரைச்சலில் மேலேயிருந்து கத்தினால் கேட்காது. சுரங்கத்தில் மணியடித்துச் சொல்வது போல இவர் கோடாலியின் பின்புறத்தால் மரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. இதைப் பெண்களுக்குச் சொன்னதும் சந்தே அமைதியாகிவிட்டது. அத்தனை பெண்கள் வாய் மூடி நின்றதை நான் அப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை.

பட்டை உரியாமல் இருக்க முதலில் கிளையின் அடியில் ஒரு வெட்டு, பிறகு மேலே ரம்பம். தூள் பொலபொலவென்று கொட்டியது. மடக்கென்று ஒரு சத்தம். கயிறு என்னைத் தூக்கிச் சவுக்கு மரத்தோடு அடித்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், “அம்மா!” என்றார்கள். யாரும் விடவில்லை. கிளையின் இலைகள் ஓட்டைச் சர்ரென்று தடவிக்கொண்டு போயின.

“ஜீசஸ்!” என்றார் ஸ்டூல் மேல் நின்ற அம்மாள்.

ஒரு தட்டு. நின்றோம். பால்காரம்மா கால் ஊன்றி இழுத்தாள். கிளை மெதுவாகச் சுவரைத் தாண்டிச் சந்துக்கு வந்தது. இரண்டு தட்டு. விட்டுக் கொடுத்தோம். மறுபடி இரண்டு. கிளை இறங்க இறங்க அத்தனை இலையும் சேர்ந்து விசிறி மாதிரிக் காற்று வீசியது. சுடர் படுத்துவிட்டது. நீலமாக ஒரு பொட்டுதான் தெரிந்தது. கான்ட்ராக்டர், “போச்சு, போச்சு!” என்றார்.

கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பால்காரம்மா ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மறு கையால் முந்தானையை விரித்து விளக்குக்கு முன்னால் மறைத்துக்கொண்டாள்.

“இன்னாம்மா இது, அழுகுணி ஆட்டம்!” என்று கான்ட்ராக்டர் குதித்தார்.

“மறைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லலியே. நீ அப்பால போ!”

கிளை கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பூகூட நசுங்காமல் படுத்தது. அவள் முந்தானையை எடுத்தாள். சுடர் எழுந்து நின்றது.

அப்போது எழுந்த குலவைச் சத்தம் இருக்கிறதே, பக்கத்துத் தெரு மாதா கோயிலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், ஏதோ கல்யாணம் என்று. இவர் மேலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இருமாமல் அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வெட்டிய இடத்துக்குத் தார் பூசினார். “பாருங்கடி, மருந்து போடறாரு” என்று கீழே ஒருத்தி விளக்கம் சொன்னாள். மழை இறங்கியபோது நாங்கள் வீட்டுக்காரியின் வராந்தாவில் உட்கார்ந்து, அவர் கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டிருந்தோம். அவர் ஒவ்வொரு ஓடாக அண்ணாந்து பார்த்துவிட்டு, “நாட் ஒன்!” என்று எங்களுக்குச் சொன்னார், நாய்க்கும் சொன்னார். கான்ட்ராக்டர் எப்போது போனார் என்று தெரியவில்லை.

பால்காரம்மா தினமும் எத்தனை பங்களா வாசலில் நிற்கிறவள்! பாலோடு சேர்த்து எங்கள் கதையையும் ஊற்றியிருக்கிறாள். மறுநாளே ஒரு பட்லரைக் கூட்டிக்கொண்டு லிங்கராஜபுரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“எங்க துரை வீட்ல ஒரு பெரிய மாமரம் சாஞ்சிகினு கீது” என்றார் பட்லர். “அந்தக் கயித்துக்காரம்மா வருவாங்களான்னு கேக்கச் சொன்னாரு.”

உள்ளேயிருந்து இவர் எட்டிப் பார்த்தார். “மரம் ஏறினது நானு. பேரு அவளுக்கா?”

“ஏறறது யாரு வேணா ஏறலாம். எறக்கறதுதான் கஷ்டம்” என்றாள் பால்காரம்மா.

நான் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். இவர் ரம்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.