உஸ்தீனியா எந்தப் பட்டியலில்

ஆட்சி மாறியதை எங்கள் ஊர் அரண்மனையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. எரெமெயின் தொண்டையைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டது. வோல்கா கரையில் எங்கள் கோவிலுக்கு அவர்தான் தியாக்கோன், பாதிரியாருக்குத் துணையாக நின்று வேண்டுதல்களைப் பாடுபவர். ஞாயிறுதோறும் இரண்டு பட்டியல் வாசிப்பார்: உயிரோடிருப்பவர்களின் நலத்துக்கு ஒன்று, இறந்தவர்களின் இளைப்பாறுதலுக்கு ஒன்று. அவருடைய இளமையில் முதல் பெயர் எங்கள் கோமகனுடையது. பிறகு மாஸ்கோவின் பெருங்கோமகன் முதலிலும் எங்களவர் அடுத்தும் வந்தார்கள். சண்டையே நடக்கவில்லை. ஒரு பெயர் ஒரு மூச்சு தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் மாஸ்கோ படையே வந்தது. கோமகன் லித்துவேனியாவுக்கு ஓடினார். அவர் மனைவிக்குத் துணி தைத்துக்கொடுத்த பெண்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி எரெமெயின் மனைவி உஸ்தீனியா. பனி உருகுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாள்.

அந்த வாரமே மாஸ்கோ எழுத்தர் கோவிலுக்கு வந்தார். ஓடிப்போனவர் பெயர் உயிரோடிருப்பவர் பட்டியலில் இனி வரக் கூடாது என்றார்.

“அப்ப செத்தவங்க பட்டியல்ல சேத்துடட்டுங்களா?” என்று கேட்டார் எரெமெய்.

“அவர் செத்தாருன்னு உனக்கு யாரு சொன்னா? ரெண்டுலயும் வேண்டாம்.”

“உசிரோடயும் இல்ல, சாகவும் இல்லன்னா, அவரு எங்கதாங்க இருக்காரு?”

“லித்துவேனியாவுல” என்றார் எழுத்தர், சிரிக்காமல்.

பதினாறு முறை பனி உருகியது. எரெமெய் தனியாகக் கஞ்சி காய்ச்சினார், தன் சட்டையைத் தானே ஒட்டுப்போட்டார். ஆற்றின் அக்கரைக்கும் கேட்கும் குரல் படைத்தவருக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. உயிரோடிருப்பவர் பட்டியலின் கடைசியில் அவள் பெயரை வாரம் ஒருமுறை சொல்வதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்கோவிலிருந்து புது உத்தரவு வந்தது: மனைவியை இழந்த தியாக்கோன் பலிபீடத்தருகே நிற்கக் கூடாது. அடுத்த மாதம் ஒரு உப்பு வியாபாரி வந்து, உஸ்தீனியா லித்துவேனியாவின் வில்னா நகரில் காய்ச்சலில் போய் மூன்று வருஷமாயிற்று என்றான்.

பாதிரியார் அந்திப் நல்ல மனிதர். “எனக்குக் காது மந்தம், எரெமெய். எப்பவும்போலப் படிச்சிட்டுப் போ” என்றார்.

மூன்று ஞாயிறு அப்படியே படித்தார், மண்ணுக்குள் இருப்பவளுக்கு உடல்நலம் வேண்டி. இரண்டிலும் சேர்க்காமல் விட வழியிருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே கோமகன் இருந்தார். நான்காவது ஞாயிறு இறந்தவர் பட்டியலில், கூரைப் புறாக்கள் கலைந்து பறக்க, அவள் பெயரைப் பாடினார்.

“நான்தான் செவிடு” என்றார் அந்திப் பிறகு. “அக்கரையில இருக்கிறவனுக்கெல்லாம் கேட்டுருச்சே. இனி நான் என்ன பண்ணுவேன்?”

எரெமெயின் இடத்துக்கு வந்த புதுத் தியாக்கோன் மாஸ்கோக்காரன், கீச்சுக்குரல். பட்டியலில் பெயர் சேர்க்கக் கொடுக்கும் மற்றவர்களைப்போலவே எரெமெய் பிர்ச் மரப்பட்டையில் ஒரு பெயரைக் கீறி நீட்டினார். இத்தனை வருஷம் வாங்கிப் படித்தவருக்கு, எந்தப் பட்டியலுக்கு என்று தலைப்பு எழுத வேண்டும் என்பது தோன்றவில்லை.

“ஒத்தப் பேருதான் இருக்கு. எதுல படிக்கணும் பெரியவரே, உசிரோட இருக்காங்களா?”

அவள் இல்லை என்பதை அதுவரை பாடியிருந்தாரே தவிர, பேச்சில் சொன்னதில்லை.

“இல்லப்பா” என்றார் எரெமெய். “செத்துட்டா.”

புதியவனுக்கு அது காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.